காலுக்கு ஆக்சிஜன்

அசையாதீங்க ஐயா, பேசவும் வேண்டாம், நம்பர் நிக்கிற வரைக்கும் அப்படியே படுத்திருங்க என்று சொல்லிவிட்டு டெஸ்ட் எடுக்கிற மேடம் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். படுத்திருக்கிறேன். அசையாமல் இருப்பதைப் பற்றி எனக்கே பாடம். நாமக்கல் பைபாஸ் எடை மேடையில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பாதி ஆயுசாக நான் சொல்லிக்கொண்டிருப்பதும் இதுதான், வண்டிய ஆஃப் பண்ணுங், கீழ எறங்குங், கிளீனரையும் எறக்கிவிடுங், ஆடாம நின்னாத்தான் எடை நிக்கும். டிரைவர்கள் இறங்குவார்கள், இறங்கியதும் சன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், சிவப்பு எழுத்தில் எண் மேலும் கீழும் ஆடி ஓரிடத்தில் நிற்கிற வரைக்கும் அவர்களுக்கு மூச்சு வராது. மரவள்ளிக் கிழங்கு லோடு, மக்காச்சோள லோடு, கோழித்தீவன லோடு, எல்லாருக்கும் ஒரே கழுத்துதான். என்னப்பா, எட்டிப் பாத்தா எடை கூடிருமா என்று கிண்டல் பண்ணுவேன். இப்போது அந்தக் கழுத்து எனக்கு வந்திருக்கிறது. மெஷினின் முகம் அவர் பக்கம் திரும்பியிருக்கிறது, எனக்குத் தெரிவதெல்லாம் அதன் முதுகும் அதிலிருந்து தொங்கும் ஒயர்களும். ஒயர் நுனியில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை, அதைத் தோலில் ஒட்டி, இது லேசா சூடாகும் ஐயா, சூடானாத்தான் தோலுக்குள்ள இருக்கற ஆக்சிஜன் வெளிய தெரியும் என்றார். ஒன்று நெஞ்சில், ஒன்று தொடையில், ஒன்று கட்டையில். அறையில் ஏசி கிடையாது, குளிர்ந்தால் ரத்தம் ஒளிந்துகொள்ளுமாம். காலையிலிருந்து காபி கிடையாது, பீடி கிடையாது, அதற்கும் ரத்தம் ஒளிந்துகொள்ளுமாம். அப்படி ஒரு கூச்ச சுபாவமுள்ள ரத்தத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எப்படித்தான் குடித்தனம் பண்ணினேனோ.

கட்டை என்பது முழங்காலுக்குக் கீழே எனக்கு மிச்சமிருக்கிற துண்டு. ஆஸ்பத்திரியில் ஸ்டம்ப் என்பார்கள், எங்களுக்குள் கட்டை. கட்டையில போறவனே என்று சின்ன வயதில் எல்லாரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன், யாருக்குத் தெரியும், அப்படியே பலிக்கும் என்று. சர்க்கரை. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஏறியது எனக்குத் தெரியவில்லை, அன்று முழுக்க அதோடு நடந்து மேடையில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வசந்தாமணிதான் வாசலில் ரத்தத்தடம் பார்த்துக் கத்தினாள். முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் கெண்டைக்கால் பாதி. அதோடு விட்டது என்றுதான் நினைத்தேன். செயற்கைக் கால் மாட்டி நடந்தேன், மேடைக்குப் போனேன், கேபினுக்கு ஏறுகிற இரும்புப் படியில் ஏறினேன், மொதலாளியே கைதட்டினார். பிறகு கட்டையின் நுனியில் ஒரு புண். சட்டைப் பையில் பேனா கசிந்த மாதிரி சின்னதாக ஒரு கறை, அவ்வளவுதான். அது ஆறவில்லை. களிம்பு, மாத்திரை, காலைக் கழற்றிவைத்து ஓய்வு, எல்லாம் செய்தும் ஆறவில்லை. இப்போது அந்த இடம் அரிக்கிறது என்றால் பரவாயில்லை, அரிப்பது புண் அல்ல, கட்டைவிரல். இல்லாத கட்டைவிரல். வெட்டி எங்கே போட்டார்களோ தெரியாது, ஆனால் அரிப்பு மட்டும் இன்றைக்கும் சரியாக வீட்டு விலாசத்துக்கே வந்து சேருகிறது. சொறிய வேண்டும். காற்றைச் சொறியலாம், சில சமயம் வசந்தாமணி பார்க்காதபோது சொறிந்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது. விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது, மடங்கியது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐயா, அசையறீங்க என்றார் மேடம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத விரலை அசைத்தால்கூட மெஷினுக்குத் தெரிகிறதா? தொடையில சதை துடிக்குது என்றார். அதுதானே பார்த்தேன். அதெல்லாம் அளக்க மெஷின் ஏது.

நேற்று டாக்டர் சொன்னது காதிலேயே கிடக்கிறது. இந்தப் புண் ஆறுமா ஆறாதான்னு நான் சொல்ல முடியாது நாச்சிமுத்து, அங்க வர்ற ரத்தம்தான் சொல்லணும், நாளைக்கு ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் பாத்துருவோம், இருந்தா வைத்தியம் பாத்து முட்டியக் காப்பாத்தலாம், இல்லைன்னா மேலதான் போகணும். மேலதான் போகணும் என்றதும் சிரித்துவிட்டேன். எல்லாரும் ஒரு நாள் மேலதானுங்களே போகோணும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனா மூடியால் என் தொடையில் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காட்டினார், முட்டிக்கு மேலே, சட்டென்று, ஜவுளிக்கடையில் துணியைக் கிழிக்க இடம் பார்க்கிற மாதிரி. பேனா மூடிதான், தடம்கூட விழவில்லை. வசந்தாமணி அப்போது மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள். அவள் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இந்தப் பாடு இல்லை. அவள் திரும்பி வந்தபோது கதவருகில் நின்ற சீட்டுக் கூப்பிடுகிற ஆள், நாளைக்குக் காலைல காலுக்கு ஆக்சிஜன், நேரத்தோட வந்துருங்க, காபி கீபி குடிச்சுட்டு வராதீங்க என்று சொன்னான். காலுக்கு ஆக்சிஜன். அந்தப் புண்ணியவான் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டான். ஆக்சிஜன் டெஸ்ட் என்று முழுசாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவள் முகம் அந்த நிமிஷம் மாறியதை நான் பார்த்தேன். கல்யாணத்தன்று பார்த்தது, அதற்கப்புறம் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் மிகை, ஆனால் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. காலுக்கே வெக்கறாங்களாமா என்று கேட்டாள். நான் அவள் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டேன்.

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம்? சொந்தபந்தத்துக்கெல்லாம் போனைப் போட்டுவிடுங்கள் என்று அர்த்தம். வசந்தாமணிக்கு மட்டும் அப்படி இல்லை. கொரோனா சமயத்தில் அவள் அண்ணன் சென்னியப்பனை மூச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள், உதடு நாவல்பழமாகக் கறுத்துக் கிடந்தது, பெட் இல்லை, வராந்தாவில் ஒரு பெஞ்சில் போட்டு மூக்கில் குழாயைச் சொருகி ஆக்சிஜன் வைத்தார்கள். அவள் கண்ணெதிரில் உதடு சிவந்தது. கண்ணெதிரில் என்று அவள் சொல்லும்போது தன் இரண்டு கண்ணையும் விரலால் தொட்டுக் காட்டுவாள். அந்தச் சென்னியப்பன் இன்றைக்கும் குத்துக்கல்லாக இருக்கிறார், நல்லதுக்கும் கெட்டதுக்கும் முதல் பந்தியில் உட்கார்கிறார். அதனால் அவள் கணக்கு நேரானது. கறுத்துப்போன இடத்துக்கு ஆக்சிஜன் வைத்தால் சிவக்கும், சிவந்தால் பிழைக்கும். மூக்குக்கு வைத்தார்கள், இப்போது விஞ்ஞானம் வளர்ந்து காலுக்கே வைக்கிறார்கள், இதில் என்ன ஆச்சரியம்? நேற்று ஊருக்குப் போனதும் எதிர்வீடு, பக்கத்துவீடு, பால் ஊற்ற வந்தவர், எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். சந்தோஷத்தில் எனக்குப் பிடித்த பச்சைப்பயிறு கடைந்து, நெய்யை வழக்கத்துக்கு மேல் ஊற்றினாள். சர்க்கரைக்காரனுக்கு நெய் ஊற்றாதே என்று கணக்குப் பார்க்கிறவள். நான் சாப்பிட்டேன். சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். காலையில் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். அது வெக்கறதில்ல மணி, பாக்கறது என்றேன். வெக்காம எப்பிடிங் பாப்பாங்க என்றாள். அதுவும் சரிதான். மேடம் வந்து வில்லையை வைத்துத்தானே பார்க்கிறார். இல்ல புள்ள, இருக்குதா இல்லையான்னு எடை போடற மாதிரி என்றேன். நீங்க எல்லாத்தையும் எடை போட்டுட்டே இருங், உங்களுக்கு ஒண்ணு நல்லது நடக்கப்போகுதுன்னாப் பொறுக்காது என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மைதான், எனக்குப் பொறுக்காது. இப்போது என் செயற்கைக் காலை ஒரு துண்டில் சுற்றி, ஷூ மாட்டியபடியே மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

வில்லை இருக்கிற இடமெல்லாம் சூடு. நெஞ்சில் சுருக்கென்று தெரிகிறது, தொடையில் தெரிகிறது, கட்டையில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. அங்கே தோலுக்கே பாதி உயிர்தான். இதற்கு முன்னால் இன்னொரு பரிசோதனை செய்தார், பேனா மாதிரி ஒன்றைப் பசையில் தொட்டு நரம்பு நரம்பாக வைத்துக் கேட்பது. இருக்கிற காலில் வைத்தபோது புஸ்க் புஸ்க் என்று சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அதுதான் உங்க ரத்தம் ஐயா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது, யாரோ என்னைப் பற்றி உரக்கப் பேசுகிற மாதிரி. பிறகு கட்டையில் வைத்தார். ஒன்றும் இல்லை. பேனாவைச் சாய்த்தார், நிமிர்த்தினார், அரை விரல் தள்ளி வைத்தார். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அந்தப் பொறுமையோடு தேடினார். கடைசியில் எங்கேயோ தூரத்தில் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வந்துருச்சு என்றேன் நான், பையன் பரீட்சையில் பாஸானது போல. அவர் பேனாவைத் துடைத்து வைத்தார். அது என் ரத்தம்தானா, இல்லை வெளியே யாராவது சத்தம் போட்டதா, அதுவும் நிச்சயமில்லை. ரத்தமே, கொஞ்சம் இறங்கி வா. நெஞ்சிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து தொடை, தொடையிலிருந்து முட்டிக்குப் பின்னால் அந்தக் குழியில் இறங்கி இன்னும் ஒரு சாண். ஒரு சாண்தான். ஓமலூர் வரைக்கும் லோடு கொண்டுவந்தவன் சேலத்துக்குள் வரமாட்டேன் என்றால் எப்படி? சூடாக எதையாவது நினைத்தால் ரத்தம் இறங்குமோ என்று சித்திரை மாசத்துத் தார் ரோட்டை நினைத்தேன், மேடையின் இரும்புத் தகட்டை நினைத்தேன், மத்தியானத்தில் அதில் வெறுங்காலை வைக்க முடியாது. வைத்துப் பார்த்தேன். கால் இல்லை. உள்ளங்காலில் மட்டும் சுட்டது.

ஏமாற்றுகிற டிரைவர்களை நினைத்துக்கொண்டேன். பின்சக்கரத்தை மேடையின் விளிம்பில் நிறுத்துகிறவர்கள், கிளீனரை லோடுக்குள் படுக்கவைக்கிறவர்கள். ஒருவனையும் விட்டதில்லை நான். இன்றைக்கு நான் என்ன செய்யலாம்? உள்ளே வருவதற்கு முன்னால் பாத்ரூமில் கட்டையைக் கையால் சூடு பறக்கத் தேய்க்கலாமா என்று தோன்றியது. தேய்த்து என்ன? நம்பர் ஏறும். புண் ஆறாது. தேய்க்காமலே வந்துவிட்டேன், அதில் ஒரு பெருமை வேறு, என்ன பெருமையோ. திடீரென்று வேறொன்று உறைத்தது. நெஞ்சில் எதற்கு வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அது ஒப்பிட்டுப் பாக்க ஐயா, உடம்புல நல்லா இருக்கற இடத்துல எவ்வளவு இருக்குன்னு தெரியணுமில்ல என்றார் மேடம். சரி. கட்டையில் வைப்பது கட்டையைப் பார்க்க. அதுவும் சரி. தொடையில் எதற்கு? தொடைக்கு என்ன கேடு? தொடையில் புண் இல்லை, வலி இல்லை, வேலைக்குப் போகிற தொடை அது. வில்லை ஒட்டியிருக்கிற இடம் முட்டிக்கு மேலே ஒரு சாண். நேற்று டாக்டர் பேனா மூடியால் கோடு போட்ட இடம். அங்கே வெட்டினால் ஆறுமா என்று பார்க்கிறார்கள். புண்ணைப் பற்றிய கேள்வி நேற்றே முடிந்துவிட்டது. இன்றைக்கு வைத்திருப்பது அடுத்த கேள்வி. படுக்கையில் உடம்பு ஒரு தரம் குலுங்கியது, ஐயா என்றார் மேடம், இருமல் என்றேன். இருமினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

செயற்கைக் கால் செய்கிற கூடத்தில் புதிதாக வருகிறவனைப் பழைய ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வி பெயரல்ல, ஊரல்ல. நீங்க கீழா, மேலா? முட்டிக்குக் கீழே போனவன் கீழ், முட்டியும் போனவன் மேல். கீழ்க்காரர்கள் மேல்காரர்களைப் பார்த்து மனசுக்குள் ஒரு பெருமூச்சு விடுவார்கள், அப்பாடா என்று. நானும் விட்டிருக்கிறேன். திருச்செங்கோட்டு அர்த்தனாரி மேல். போர்வெல் வண்டியில் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் ஓட்டை போட்டவர், குழாய் சரிந்து விழுந்து போன கால். முதல் தடவை அவர் செயற்கைக் காலோடு வந்தார், அடுத்த தடவை இரண்டு ஊன்றுகோல்களோடு வந்தார். கால் எங்கீங் என்றேன். கால் ஊட்டுல இருக்குதுங், ஆணியில மாட்டியிருக்குதுங் என்றார், வேட்டியைச் சொல்வது போல. கனம் அதிகமுங்களா என்றேன். கனத்த உடுங். முட்டி இருந்தா நீங்க நடக்கறீங். முட்டி போச்சுன்னா நடக்கறதில்லைங், காலத் தூக்கி முன்னால வீசறது, வீசிப்போட்டு அது வந்து சேர்ற வரைக்கும் நிக்கறது. உக்காந்தா எந்திரிக்க யோசிக்கோணும், எந்திரிச்சா உக்கார யோசிக்கோணும், நாளெல்லாம் யோசனைதானுங், அப்பறம் எதுக்குடா இதுன்னு மாட்டிவெச்சுட்டனுங். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் முட்டியை மடக்கி நீட்டி மடக்கி நீட்டிப் பார்த்தேன். மடங்கியது, நீண்டது. முட்டி என்ன பெரிய அழகா, சுருங்கிய தோலும் சின்ன வயசில் சைக்கிளில் விழுந்த தழும்புமாக ஒரு மூட்டு. ஆனால் காலையில் செயற்கைக் காலை மாட்டுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு அதில் முட்டியை ஊன்றி நின்றுதான் சவரம் செய்கிறேன். கேபின் படியில் உடம்பைத் தூக்குவது அந்த முட்டி. ராத்திரி ஒருக்களித்துப் படுக்கும்போது அது தானாக மடங்கி வசந்தாமணியின் முட்டிக்குப் பின்னால் போய்ப் பொருந்திக்கொள்ளும், அவள் தூக்கத்திலேயே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பாள். கால் போன புதிதில், வெட்டுக்கட்டோடு கிடந்தபோதும், அது மட்டும் மாறவில்லை. தொடையால் எதில் போய்ப் பொருந்துவது? இதையெல்லாம் எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்?

நம்பர் நின்றதும் சொல்லிவிட வேண்டும். நின்ற நம்பர் எதுவானாலும் வெளியே போய்ப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இங்க பாரு மணி, அது வெச்சது இல்ல, பாத்தது, பாத்ததுல இல்லைன்னு வந்துருச்சு, முட்டியும் போகுது என்று சொல்லிவிட வேண்டும். நாலு வார்த்தைதான். ஒருவேளை இருக்கிறது என்று வந்துவிட்டால்? வந்துவிட்டால் அவள் சொன்னது சரி என்று விட்டுவிடலாம், ஆமா புள்ள, ஆக்சிஜன் வெச்சாங்க, பொழச்சுக்கிச்சு என்று சென்னியப்பன் வீட்டிலேயே போய்ச் சொல்லலாம், முதல் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்காரலாம். பேனாவில் கேட்ட அந்தச் சத்தம் ரத்தமாகவே இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது? நின்றுவிட்டது என்று நினைத்த எண் கடைசி நொடியில் ஒரு தாவு தாவி ஏறி நிற்பதைப் பார்த்தவன்தானே நான். மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய முகம், கண்ணாடிக்குள் கண், புருவத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு மடிப்பு. எண் ஆடும்போது கண் ஆடும். ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஆடவில்லை. மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

முடிஞ்சுதுங்களா மேடம் என்றேன். முடிஞ்சுது ஐயா, இப்ப பேசலாம் என்று எழுந்து வந்தார். நெஞ்சில் இருந்ததைக் கழற்றினார். தொடையில் இருந்ததைக் கழற்றினார். எவ்வளவுங் என்றேன். நெஞ்சுல நல்லா இருக்கு ஐயா. தொடையிலயும் நல்லாவே இருக்கு, பயப்படற மாதிரி இல்ல. கட்டையில் இருந்ததைக் கழற்றினார், பஞ்சை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். அங்கே எண் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எடை குறைந்த லோடுக்காரனிடம் நானும் இப்படித்தான், அவன் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைப்பேன். முட்டி போயிருமுங்களா? அதை டாக்டர் பாத்துட்டுச் சொல்வாரு ஐயா. உங்களுக்குத் தெரியுமில்லீங்? பஞ்சு நின்றது. தெரியும் ஐயா என்றார். நல்ல பெண்மணி. பொய் சொல்லியிருந்தால் நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன். வெளியே அம்மாவைக் கூப்பிடறேன், காலை மாட்டிக்குங்க, ஆனா புண் இருக்கறதால நடக்க வேண்டாம், வீல்சேர் சொல்றேன் என்று கதவைத் திறந்தார்.

வசந்தாமணி என் காலை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு வேகமாக உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக உடம்பைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் திறந்த நெஞ்சில் வில்லை இருந்த இடம் அப்படியே ஒரு வட்டம், அரக்குச் சிவப்பு. தொடையில் இன்னொரு வட்டம், அதுவும் அதே சிவப்பு. சூடு பட்டால் ரத்தம் இருக்கிற தோல் சிவக்கும், அவ்வளவுதான். கட்டையில் வட்டம் இல்லை. உற்றுப் பார்த்தால் ஒட்டுப்பசையின் தடம் தெரிந்தது, தோல் எப்போதும் போல வெளுத்துச் சாம்பலாகக் கிடந்தது. அவள் நெஞ்சு வட்டத்தை விரலால் தொட்டாள். தொடை வட்டத்தைத் தொட்டாள், அமுக்கினாள், விரலை எடுத்ததும் அது திரும்பச் சிவந்ததைப் பார்த்தாள்.

"ஏனுங், பாத்தீங்களா, தொடை வரைக்கும் வந்துருச்சு! செவசெவன்னு வந்துருச்சுங்!" என்றவள் சட்டென்று மேடத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், இத்தன தூரம் எறங்கினது இனியும் எறங்காமயா போயிரும்? இன்னுஞ் சித்தநேரம் வெச்சீங்கன்னா கீழயும் வந்துருமுங். கூட்டமா இருந்தா நாங்க வேணுமுன்னா இருந்து கடைசியா வெச்சுக்கறமுங். அவசரப்பட்டு எடுத்துராதீங் மேடம்."

"அம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்த மேடம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

சொல்ல வேண்டியது நான். நாலு வார்த்தைதான், நாக்கு நுனியில்தான் இருந்தது. வசந்தாமணி இரண்டு கையாலும் அந்த ஷூ மாட்டிய காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கும்பிடுவதற்குக் கை இல்லாததால் காலோடு சேர்த்துக் கும்பிடுகிறாள். ஊருக்குப் போகிற பஸ்ஸில் சொல்லலாம். ஊருக்குப் போயும் சொல்லலாம். டாக்டரே சொல்லட்டும், சம்பளம் வாங்குகிறாரே. என் வாய் திறந்தது. "வெய்யுங் மேடம்" என்றது.

"ஐயா."

"சித்தநேரம். பொறவு நான் சொல்லிக்கறனுங்."

அவர் கதவைப் பார்த்தார், கதவுக்கு வெளியே காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். பிறகு ஒரு வில்லையை எடுத்துக் கட்டையில் வைத்து அழுத்தினார், மேலே துணியைப் போர்த்தினார், மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மெஷினைப் போடவில்லை. ஒயரின் மறுமுனை கட்டிலுக்கு அந்தப் பக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, வசந்தாமணி நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. அவள் காலைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். துணிக்கு மேலாக என் முட்டியில் கையை வைத்துக்கொண்டாள், வைத்த கையை எடுக்கவில்லை, பேசினால் எங்கே கெட்டுவிடுமோ என்று பேசாமல் நின்றாள். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது. நான் அசையாமல் படுத்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து என் காதருகில் குனிந்தாள்.

"எறங்குதுங்களா?"

"எறங்குது மணி" என்றேன்.